சுமைகூலி

டுலூத்தில் மார்ச் முடியப் போகிறது,
ஏரி இன்னும் வெள்ளையாகத்தான் கிடக்கிறது.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இரவு வேலை முடித்து வந்த
ஐலா கிவிஸ்தோ
பூட்ஸைக்கூடக் கழற்றாமல்
வங்கி அனுப்பிய உறையைக் கிழிக்கிறாள்.

உள்ளே ஒரு தென்னை மரம்.
அதன் கீழே வெறுங்காலோடு ஒரு ஜோடி,
பல் தேய்ப்பதைத் தவிர வேறு வேலையே பார்த்திராத மாதிரிச் சிரிக்கிறார்கள்.
'நீங்கள் ஏற்கெனவே தேர்ந்தெடுக்கப்பட்டவர்.'
ஐம்பத்தெட்டு வயதில்
தன்னை யாராவது தேர்ந்தெடுத்து
ரொம்ப நாளாயிற்று என்பதால்
உறை குப்பைக்குப் போகவில்லை.
திருப்பிப் போட்டு
அதன் முதுகிலேயே எழுத ஆரம்பித்தாள்.

மளிகை மாதம் முந்நூற்றுப் பத்து. நூற்றுக்கு மூன்று திரும்பி வரும்.
பெட்ரோல் நூற்று நாற்பது. அதற்கு இரண்டு.
போன், பூனைத் தீனி, மாத்திரை, இன்ன பிற
நூற்றுத் தொண்ணூறு. அதற்கு ஒன்றே ஒன்று.
ஆக மாதம் பதினான்கு டாலர்,
வருடம் நூற்று அறுபத்தெட்டு.
ஆண்டுக் கட்டணம் தொண்ணூற்று ஐந்தைக் கழித்தால்
எழுபத்து மூன்று.

எழுபத்து மூன்றின் கீழே
இரண்டு கோடு போட்டாள்.
பூனை வந்து கோட்டின் மேல் உட்கார்ந்தது.

அப்புறம்தான் உலை ஞாபகம் வந்தது.
போன வருஷத்துக்கு முந்தின குளிரில், நடு ஜனவரியில்
வீட்டைச் சூடாக்கும் உலை உயிரை விட்டபோது
பழைய கார்டில் ஆயிரத்து இருநூறு
மூன்று மாதம் அசையாமல் நின்றது.
வட்டி மட்டும் அசைந்துகொண்டிருந்தது:
எண்பத்தொன்று.

எழுபத்து மூன்றில் எண்பத்தொன்று போனால்
மைனஸ் எட்டு.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று
அவளுக்குச் சொல்ல அந்தத் தெருவில் ஆளில்லை.
சுண்டைக்காயை அவள் கண்டதுமில்லை.
கூலி தெரியும்.
ஈரப் படுக்கை விரிப்பு என்ன கனம் கனக்கும் என்று தெரியும்.

ஆனால் போனஸ் இருக்கிறதே!
மூன்று மாதத்துக்குள் நாலாயிரம் செலவு செய்தால்
அறுபதாயிரம் புள்ளி, ஒரு விமானப் பயணம், எங்கு வேண்டுமானாலும்.
அவள் எவ்வளவு சாப்பிட்டாலும், எவ்வளவு ஓட்டினாலும்
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுக்கு மேல் போகாது.
வாடகைக்கு வீட்டுக்காரர் காசோலைதான் வாங்குவார்.
மிச்சம் இரண்டாயிரத்து எண்பதை
எதில் கொண்டுபோய்க் கொட்டுவது?
செலவழிக்க வழி தெரியாமல்
வாழ்க்கையில் முதல் முறையாக முழித்தாள்.

சரி, கிடைத்தே விட்டது என்று வை.
எங்கே போவாய், ஐலா?

தென்னை மரத்துக்கு அவள் போகப் போவதில்லை.
மணலில் அவளுக்கு என்ன வேலை.
பேனா தானாக எழுதியது: மார்க்கெட்.
கடைத்தெரு இல்லை, இதே ஏரியின் தென்கரையில்
அப்படியொரு ஊர்.
அங்கே தம்பி ரௌனோ.
அப்பாவின் படகு யாருக்கு என்பதில் ஆரம்பித்து
ஆறு வருஷம்.
படகு மக்கிப்போயிருக்கும்.

டுலூத்திலிருந்து சிகாகோ, சிகாகோவிலிருந்து மார்க்கெட்,
நடுவே ஐந்து மணி நேரக் காத்திருப்பு.
இதற்கு அறுபதாயிரம் புள்ளி.
காரில் போனால் ஒரு டாங்கிகூட ஆகாது.

பேனாவை மூடி வைத்தாள்.
டிக்கெட் விலையா தடுத்தது
ஆறு வருஷமாக?

ஞாயிற்றுக்கிழமை காலை.
பெட்ரோல் பங்கில் நாற்பது டாலருக்கு நிரப்பி
ரொக்கமாக நீட்டினாள். கூடவே
ஒரு பொட்டலம் காபி.
மூக்கில் வளையம் போட்ட கல்லாப் பையன்
கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டான்:
"ரிவார்ட்ஸ் கார்டு இருக்கா?"
"இல்லை."
"சேர்ந்துக்கலாமே, அஞ்சே நிமிஷம்தான்."

"நேரமில்லை தம்பி," என்றாள்,
"நாலரை மணி நேரம் ஓட்டணும்."