முப்பத்தொன்றாம் வாரம்

சமையலறைச் சுவரில் ஒட்டியிருந்த அட்டையை
அவர்தான் உரக்கப் படித்தார்,
முகூர்த்த ஓலை வாசிக்கிற குரலில்.
பாத்திரங்களை நீங்களே கழுவி வைக்கவும்.
குப்பையைக் கட்டி, குரங்குக்கு எட்டாமல் மூடவும்.
துண்டு மாற்ற, பெருக்கித் துடைக்க
புதன்கிழமை மட்டும் ஆள் வரும்.
கிளம்பும் காலையில்
விரிப்புகளை உருவிக் குளியலறையில் குவிக்கவும்.
கடைசி வரி சற்றுப் பெரிய எழுத்தில்:
நீங்கள் விருந்தினர் அல்ல, உரிமையாளர்.

உரிமையாளர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.
நான் தொட்டியோரம் இருந்த ஸ்க்ரப்பரைப் பார்த்தேன்.
பச்சை. புத்தம் புதுசு.
இன்னும் உறை பிரிக்கவில்லை.

காளவாசல் ஹோட்டலில் இலவச விருந்து என்று கூப்பிட்டு
மூன்று மணிநேரம் பேசி அனுப்பியபோது
எங்கள் கையில் ஒரு ஹாட்பாக்ஸ் இருந்தது,
இருபத்தைந்து வருஷத்துக்கான தாள்களும்.
சிறுமலை அடிவாரத்தில்
வருஷத்துக்கு ஏழு நாள் எங்கள் வீடு.
மே மாதம் விலை கூட.
வாய்த்தது ஆடி,
காற்று ராவெல்லாம் கதவைத் தள்ளுகிற வாரம்.

திருச்செந்தூரில் நானூறு ரூபாய் லாட்ஜில்கூட
காலையில் ஒரு பையன் கதவைத் தட்டுவான்,
'ரூம் க்ளீன் பண்ணவாக்கா?'
அந்தத் தட்டலுக்காகத்தான்
நான் ஊருக்கே கிளம்புவது.
கடலுக்காக என்று இவர் இன்னும் நம்புகிறார்.

இழுப்பறையில் பாதி உப்பு,
ரப்பர்பேண்டு போட்ட மல்லித்தூள்,
வெட்டுப்பலகையில் மஞ்சள் கறை,
கண்ணாடி மூலையில் ஒரு மெரூன் ஸ்டிக்கர் பொட்டு.
முப்பதாம் வாரத்துக்காரி.
ஒரு வீடு,
ஐம்பத்திரண்டு வீட்டுக்காரிகள்.
ஒருத்தி முகம் ஒருத்தி அறியாத சக்களத்திகள்.

அடுத்து வருகிறவள் என்ன நினைப்பாள்?
செல்லூரில் என்னை விடாத கேள்வி
பஸ் ஏறி வாடிப்பட்டி தாண்டி
இங்கேயும் வந்து இறங்கியிருந்தது.
ஞாயிறு அடுப்பைத் தேய்த்தேன்.
திங்கள் குழாயடியில் இருந்த உப்புக் கறை.
செவ்வாய் இரவு
யாரோ விட்டுப்போன வாளியின் அழுக்கு வளையம்,
மலை பார்க்கிற பால்கனிக்கு முதுகைக் காட்டியபடி.

புதன்கிழமை ஒச்சம்மா வந்தாள்.
வாசலில் நின்று உள்ளே பார்த்தாள்,
வாளியைக் கீழே வைக்கவில்லை.
'என்னக்கா இப்படிப் பண்ணிட்டீக?
முழுசாத் தேச்சாத்தான் எனக்கு அறுபது.
வெறுமனே பெருக்கினா முப்பதுன்னு எழுதிருவாரு.
சூப்பர்வைசர் மோந்து பாத்துட்டுத்தான் போவாரு.'

எனக்குப் பதில் வரவில்லை.
காப்பி போட்டுக் கொடுத்தேன்.
குடித்துவிட்டு டம்ளரைக் கழுவப் போனவள்
பாதியில் நின்று
கழுவாமலே வைத்தாள்.
இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது.
ஆனாலும் முப்பதுதான் எழுதினார்கள்.

சனிக்கிழமை காலை
எண்ணெய்க் கத்திரிக்காய் வைத்தேன்.
கொதிக்கிற குழம்பை அடுப்பின் மேல் சிந்த விட்டேன்.
சிந்த விடவும் பழக வேண்டியிருக்கிறது,
இரண்டு தரம் துணி தானாகக் கைக்கு வந்தது.
கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில்
எச்சில் தட்டைத் தொட்டியில் போட்டுவிட்டு
வீட்டைப் பூட்டியதில்லை.
போட்டேன்.
இது அவளுக்குக் கூலியா,
இல்லை, நான் செய்ய வேண்டியதை
அவள் தலையில் கட்டினேனா?
முப்பது ரூபாய்க்கு அவ்வளவு யோசிக்கக் கூடாது என்று
விரிப்புகளை உருவாமலே விட்டேன்.
பொட்டை மட்டும் எடுக்கவில்லை. அது அவளுடையது.

வாடிப்பட்டி விலக்கில் பஸ் திரும்பும்போது
'எதையாச்சும் மறந்துட்டமா?' என்றார்.
இரண்டு தட்டு, ஒரு வாணலி, ஒரு கரண்டி.
'இல்லையே' என்றேன்.