இருபத்தைந்து டிகிரிக்குக் கீழே

மருந்துக் கடையில் வேலை என்பதால்
அட்டைப்பெட்டிக்குப் பஞ்சமில்லை எனக்கு.
இருமல் மருந்து வந்ததில் நீலங்கள்.
சலைன் வந்ததில் பச்சை.
சர்க்கரை மாத்திரைப் பெட்டியில்
அரக்கு, குங்குமம், மிளகாய்ப்பழம்,
இன்னும் பெயர் வைக்காத ஒரு சிவப்பு.
எல்லாப் பெட்டியிலும் ஒரே வாசகம்:
வெளிச்சம் படாமல்
இருபத்தைந்து டிகிரிக்குக் கீழே வைக்கவும்.

ஓட்டேரியில்
தரைத்தளத்தில்
மே மாதத்தில்
எங்கே போவேன் அதற்கு.

வெளிச்சம் படாமல் மட்டும் வைத்திருக்கிறேன்.

ஞாயிறு, கடை அரைநாள்.
தஸ்தகீர் டைலர் கொடுத்தனுப்பிய மூட்டை
கூடத்தில் கவிழ்ந்து கிடக்கிறது.
பள்ளி திறக்கும் பருவமென்றால்
மூட்டை முழுக்க ஒரே கட்டம்போட்ட யூனிஃபார்ம்.
தேர்தல் வருடத்தில் கரைத்துணி.
ஆகாத இரண்டு கட்சிகளை
இடமில்லாமல் ஒரே பெட்டியில் போட்டேன்.
அடுத்த தேர்தலுக்கு
அவர்களே சேர்ந்துகொண்டார்கள்.

சட்டம் எளிது.
முழம் இருந்தால் மடித்து நிற்க வை.
சாண் இருந்தால் நிறம் பார்.
இரண்டு விரல் இருந்தால் ஐஸ்கிரீம் டப்பா.
அதற்கும் கீழே, தலையணைக்குள் அடை.
அதற்கும் கீழே என்று ஒன்று இருக்கிறது,
அதையும் இதுவரை குப்பையில் போட்டதில்லை.

மயில்கழுத்துதான் தொல்லை.
ஜன்னல் பக்கம் காட்டினால் பச்சை,
டியூப்லைட்டில் நீலம்.
மூன்று வருடமாய்
சலைனுக்கும் இருமலுக்கும் நடுவே
நடந்துகொண்டே இருக்கிறது.

கீழ்வரிசைப் பெட்டிகள் செங்கல் மேல்.
நாலா பொங்கிய வருடம் தண்ணீர் நின்ற கோடு
சுவிட்ச் போர்டுக்கு ஒரு சாண் கீழே,
பெயிண்ட் அடித்தும் தெரிகிறது.
கோட்டுக்கு மேலே எது, கீழே எது,
உண்மையில் அதுதான் வேலை.
நீ நனைந்தால் பரவாயில்லை என்று
ஒவ்வொன்றையும் தொட்டுச் சொல்ல வேண்டும்.
அப்படிச் சொல்லப்பட்டவைதான்
போர்வையாகி யார் யார் வீட்டுக்கோ போகின்றன.
லாஃப்டுக்குப் போனது எதுவும்
கீழே வந்ததில்லை.

உபயோகிக்கும் முன் நன்றாகக் குலுக்கவும்
என்பது துணிக்கும் பொருந்தும்.
இராமபாணப் பூச்சி ஒன்று உதிர்ந்தது.
ஒரு கிராம்பு.
எம்.சி. ரோட்டுக் கடை ரசீது,
விலை மட்டும் மங்கிப்போய்.

லாஃப்ட் பெட்டியை இன்று இறக்கியது நானல்ல.
லீவுக்கு வந்திருக்கும் தங்கை மகன் நிலவன்.
நாற்காலி கூடக் கேட்கவில்லை,
கட்டிலில் ஏறி நின்றான், எட்டிவிட்டது.
குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்
என்று அதிலும் அச்சடித்துத்தான் இருந்தது.

உள்ளே ஒன்றரை மீட்டர் வெண்மஞ்சள் காட்டன்,
குடை பிடித்த வாத்துகள், வரிசை வரிசையாய்.
தங்கைக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது வாங்கியது.
எப்படி மடித்தாலும்
ஏதோ ஒரு வாத்தின் கழுத்தில் கத்தரி விழும் என்று
நாளை நாளை என்றிருந்தேன்.

"யாருக்குப் பெரிம்மா இது?"
பன்னிரண்டு முடிந்துவிட்டது. மேலுதட்டில் பூனைமுடி.
"ஆர்டர்" என்றேன்.
தோளில் போட்டுப் பார்த்தான்.
இடுப்பைத் தாண்டவில்லை.
சிரித்துவிட்டு, சார்ஜர் எங்கே என்று போய்விட்டான்.

கடையில் தினமும் செய்கிற காரியம்தான்,
தேதி தாண்டியதைத் தனியே எடுத்து வைப்பது.
துணிக்குக் காலாவதி கிடையாது.
வாத்துக்கு இருக்கிறது.

மஞ்சள் பெட்டியில் சேர்க்கலாம்,
கண் சொட்டு மருந்து வந்தது, சின்னப் பெட்டி.
சாண் சாணாக்கினால்தான் உள்ளே நிற்கும்.
கத்தரி சாணைக்குப் போயிருக்கிறது.
ஏழு மணிக்குத் தருவதாகச் சொன்னார் தஸ்தகீர்.

இப்போது ஆறே கால்.
லைட் போடாமல் உட்கார்ந்திருக்கிறேன்.
இந்த வெளிச்சத்தில்
மயில்கழுத்து கறுப்பு.
அதற்குப் பெட்டி இருக்கிறது.