மூன்றாவது கம்பம்

"மின்சாரம் தெரிந்தவன் யார்?"
ருஷ்யச் சிப்பாயின் கேள்வியை
மொழிபெயர்க்கிற பெண் ஜெர்மனில் சொன்னாள்.
ஃபோல்க்மார் ரீடெல் கை தூக்கினான்.
ஒரு துண்டு ரொட்டி கூடுதல்.

போர் முடிந்து இரண்டாவது பனிக்காலம்.
வேலி அதேதான்,
கோபுரத்தில் கொடி மட்டும் வேறு.
பீங்கான் குமிழ்களை எண்ணிக்கொண்டே போனான்:
தான் இழுத்த கம்பி,
தான் அடித்த ஆணி.
அன்று அவன் வெளியே நின்றிருந்தான்.

மூன்றாவது கம்பத்தில் கை நின்றது.
இங்கேதான் அந்தப் போலந்துக்காரன்
விடியும்வரை ஒட்டிக்கொண்டிருந்தான்.
பிரித்தெடுத்தவர்கள் வேறு ஆட்கள்;
இவன் ஃபியூஸ் மாற்றினான்.

கம்பி இங்கே தளர்ந்திருக்கிறது. மின்சாரம் இல்லை.
அப்பால் பைன் காடு, நாற்பது அடி.

"சரியாகிவிட்டதா?" என்றாள் அவள்.

சட்டைக்குள் ரொட்டி
உடம்புச் சூட்டில் இளகியிருந்தது.

குறடு எடுத்து
இன்னொரு சுற்று முறுக்கினான்.