குவளைக்கு அடியில் எத்தனை

வெள்ளிக்கிழமை பள்ளியிலிருந்து
ஒரு துணிப்பை வீட்டுக்கு வந்தது.
உள்ளே பத்து பீன்ஸ் விதை,
நசுங்கிய தகரக் குவளை ஒன்று,
நாலாய் மடித்த தாள்:
குடும்பத்தோடு விளையாடவும்.
விளையாடியவர்கள் கையொப்பம் இடவும்.

கையொப்பத்துக்கு நான் பயந்ததில்லை.
வாடகைச் சீட்டில், கடன் சீட்டில்
எத்தனை போட்டிருக்கிறேன்.
கணக்குதான்.
ஏழாம் வகுப்பில் கரும்பலகை முன்னால்
சாக்குக்கட்டியோடு நான் நின்ற நிமிடம்
இன்னும் முடியவில்லை.

புன்தா அரேனாஸில் அன்றைக்குக் காற்று
குப்பைத் தொட்டிகளைத் தெருவில்
உருட்டிக்கொண்டிருந்தது.
நண்டுத் தொழிற்சாலையிலிருந்து வந்து
மூன்று முறை சோப்புப் போட்டும் வாடை போகாத கைகளை
மேசைக்கு அடியில் வைத்திருந்தேன்.
"கையை மேலே வைம்மா,
கையில்லாமல் இந்த ஆட்டம் கிடையாது"
என்றாள் ரயென். ஆறு வயது.

கண்ணை மூடச் சொன்னாள்.
தகரத்துக்குள் விதைகள் நகரும் சத்தம்.
திறந்தால்
வெளியே ஏழு.
உள்ளே எத்தனை?

உள்ளங்கை வியர்த்தது.
முப்பத்தொரு வயதில்
'மூன்று' என்று சொல்ல எனக்கு
ஒரு மிடறு தேநீர் இறங்கும் நேரம் ஆனது.

குவளையைத் தூக்கினாள்.
மூன்று விதையும்
என்னை ஒன்றும் கேட்காமல் கிடந்தன.
"சரி" என்றாள்,
தோற்ற சீட்டாட்டக்காரி மாதிரி.

என் முறைக்கு ஆறை வெளியே விட்டேன்.
அவள் பத்து விரலையும் விரித்தாள்,
ஆறை மடக்கினாள்,
மிச்சத்தை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்:
"இங்கேயே இருக்கு பாரு."

கழித்தல் என்று பெயர் சொல்வார்கள் இதற்கு.
எங்கள் வகுப்பில்
விரலை நீட்டினால் ஸ்கேலால் அடி.

அப்போதுதான் ஞாபகம் வந்தது.
குளிர்பெட்டியில் ஒரு நண்டு,
ஓடு கீறியதால் விற்க முடியாதென்று
மேற்பார்வையாளர் அசென்சியோ தள்ளிவிட்டது.
செய்தித்தாள் விரித்து நடுவில் வைத்தேன்.
"கால்களை எண்ணு."

முள்ளுக்குப் பயந்து
பென்சிலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள்.
கொடுக்கோடு சேர்த்து எட்டு.
திருப்பிப் போட்டும் எட்டு.
"பத்து" என்றேன்.
"பொய்."
"வெளியே எட்டு. உள்ளே எத்தனை?"

ஓட்டின் பின்விளிம்பைக் கத்தியால் நெம்பினேன்.
செவுள் அறைக்குள் மடங்கிக் கிடந்தன
ஈர்க்குச்சி போல இரண்டு குட்டிக் கால்கள்.
ரயென் வாயைப் பொத்திக்கொண்டாள்.
நாளொன்றுக்கு எழுநூறு ஓடு கழுவுகிறேன்.
எனக்குத் தெரிந்தது ஒருநாள்
பாடத்தில் வரும் என்று
எவரும் சொன்னதில்லை.

எட்டரைக்கு எலியேசர் கூப்பிட்டான்,
நீரிணைக்குத் தெற்கே எங்கோ படகிலிருந்து.
பாதி வார்த்தை காற்றுக்குப் போனது.
போனைக் குவளைமேல் சாய்த்துவைத்து
"அப்பா, வெளியே நாலு. உள்ளே?"
"அஞ்சு."
"அப்பா!"
"ஒண்ணை நான் தின்னுட்டேன்."
குவளையைத் தூக்கி எண்ணினாள், ஆறு.
ஆனாலும்
இன்னொரு முறை எண்ணினாள்.

தாளில் என் பெயரை எழுதினேன்.
அவள் தன் பெயரை,
இரண்டாவது எழுத்து தலைகீழாக.
அதற்குக் கீழே
கவிழ்த்த குவளை ஒன்று வரைந்தாள்.
"இது யார்?"
"அப்பா."
"டீச்சருக்குப் புரியுமா?"
"மொத்தம் மூணுன்னு சொல்லிடுவேன்.
மீதியை அவங்களே கண்டுபிடிக்கட்டும்."