வடகடல்கரைத் தீர்மான நோட்டு, பக்கம் நாற்பத்தொன்று

எழுதுகிறவள் நான்தான்,
எட்டாவது வரை படித்த குற்றத்துக்காக.
பாசி பறித்த விரல்கள்; பாறை கீறிய இடத்தில்
பேனா பட்டால் எரிகிறது.

கோரைவலசை ஏலக்கொட்டகை.
வாடை அடித்து வள்ளங்கள் கரையேறிக் கிடந்த செவ்வாய்.
நாங்கள் ஐஸ்பெட்டிகள் மேல்.
ஆண்கள் எதிர்ப்பக்கம்,
கிழியாத வலையைத் தைத்துக்கொண்டு.

கடையை மூடு என்றுதான் யாரும் தொடங்குவார்கள்.
நாங்களும் தொடங்கினோம்.
ராமநாதபுரத்தில் திங்கள்கிழமை வரிசையில் நின்று
மூன்று மனு; மூன்றுக்கும் ஒரே பதில்:
தூரம் சரியாக இருக்கிறது.
நாங்களே அளந்தோம், வலைக்கயிற்றால்.
மாதா கெபியிலிருந்து கடைக்கு முப்பத்தெட்டு பாகம்.
பாகமெல்லாம் ஒரு அளவா என்றார் அதிகாரி.
செத்தவனைத் தேடும்போது
அதில்தானே சார் ஆழம் பார்க்கிறோம்
என்றாள் திரேசம்மாள்.

போன மாசியில் அவர்களாகவே மூடினார்கள்.
பதினாறு நாள்.
பதினேழாம் நாள் உச்சிப்புளிக்கு பைக்கில் போன இரண்டு பேர்
திரும்புகையில் லாரிக்கு அடியில்.
ஒருவன் என் கொழுந்தன்.
அதனால் இந்தப் பக்கத்தில்
மூடு என்ற சொல்லை எழுதி, அடித்து,
அடித்தது தெரியும்படி விட்டிருக்கிறேன்.

குடித்தவன் வள்ளம் ஏறக்கூடாது.
சரி, யார் தடுப்பது?
சுக்கான் பிடிக்கிறவன்.
சுக்கான் பிடிக்கிறவனே குடித்திருந்தால்?
தகரத்தின் மேல் காக்கை நடக்கும் சத்தம்.
அங்கே ஒரு வரி காலி.

அபராதம் ஐநூறு என்றார் தலைவர் சந்தியாகு.
கட்டப்போவது யார்?
எங்கள் முந்தானை முடிச்சு.
அதையும் அடித்தேன்.

பங்குப்பணத்தில் பாதி நேராக வீட்டுக்கு.
கத்தினார்கள், எழுந்து போனார்கள்,
வெயில் தாங்காமல் திரும்பி வந்தார்கள்.
பாதி நின்றது.

பிறகு ராத்திரிக் குப்பி.
பாசிச் சாக்குக்கு அடியில் வைத்து
குவார்ட்டருக்கு முப்பது கூட்டி விற்கிறவள்
என் தோளை ஒட்டித்தான் உட்கார்ந்திருந்தாள்.
புருஷன் எல்லை தாண்டிப் போய் ஆறு வருஷம்;
வள்ளம் மட்டும் வந்தது.
யாரும் பேர் சொல்லவில்லை.
எழுதினேன்:
சங்கத்தில் இடம் கொடுக்காமல்
யாருடைய குப்பியையும் உடைக்கக் கூடாது.
அவள் தரையைப் பார்த்து
கால்விரலால் ஒரு சிப்பியைப் புதைத்தாள்.

முடிக்கும் நேரம், தூணைப் பிடித்துக்கொண்டு சவரிராயன்.
காலையிலேயே போட்டிருந்தான்.
யாரோ விரட்டக் கை ஓங்கினார்கள்.
எழுதிக்க புள்ள, என்றான்.
குடிச்சவனக் கடல்ல விடாத.
கரையிலயும் தனியா விடாத.
நிறுத்துனா மூணாம் நாள் கை நடுங்கும்,
சுவத்துல பாம்பு ஓடும்.
நான் ரெண்டு தரம் நிறுத்துனேன், எவனுக்குந் தெரியாது.
பெரியாஸ்பத்திரிக்கு
யாராச்சும் கூட வாங்க.

சிரிக்க ஆரம்பித்த ஒருவன் பாதியில் நிறுத்தினான்.

கூட வாங்க என்பதை
விதியாக எப்படி எழுதுவது?
அவன் சொன்னபடியே எழுதினேன்,
பிழையெல்லாம் சேர்த்து.

கையெழுத்து இருபத்தாறு, கைநாட்டு நாற்பது.
சவரிராயன் பெயருக்கு நேரே
அலை போல ஒரு கோடு.

நாளை முதல் பஸ் ஆறு பத்துக்கு.
வாடை தணிந்தால் நான் பாசிக்கு இறங்கவேண்டும்.
ராத்திரி இரண்டு தரம் வெளியே வந்து பார்த்தேன்.
அடிக்கட்டும்,
இன்னும் ஒரு நாள் அடிக்கட்டும்.