ஓட்டிப் பார்த்தது

புல்வெட்டி மிஷின். ஏழாயிரத்து ஐந்நூறு.
பெரிய கம்பெனியென்றால் இருபத்திரண்டாயிரம்.
"கேரண்டி?"
"இந்தப் படி எறங்குற வரிக்கும்"
என்றார் செம்புதாஸ் தெருக் கடைக்காரர்.

மணலி குவார்ட்டர்ஸில் நாலு ஏக்கர் கோரை.
தேசப்பனின் வாடகை மிஷின் நாளுக்கு நானூறு.
பத்தொன்பதாம் நாள் போட்ட காசு வந்துவிடும்.
இருபதாம் நாள் இதற்கு உயிர் இருக்குமா?

ஓட்டிக் காட்டச் சொன்னேன்.
கடையில் பெட்ரோல் இல்லை.
என் வண்டியிலிருந்து உறிஞ்சி
ஆயில் கலந்து ஊற்றினோம்.
ஆறாவது இழுப்பில் கயிறு கையைச் சுண்டியது.
தெருவெல்லாம் புகை. பேரிங் கடைப் பையன் கைதட்டினான்.

சத்தத்துக்குள் ஏதோ ஒன்று
தளர்ந்து ஆடியது.
அவருக்கும் கேட்டது.

"நாளிக்கி வரேன்."

மூலக்கொத்தளம் ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டது.
என் பெட்ரோல் அவர் மிஷினில்.
தள்ளிக்கொண்டு நடக்கிறேன்,
வலது கை மட்டும்
இன்னும் அதிர்கிறது.