பஞ்சு வடிகட்டி

பகலில் ஹாமில்டனில் ட்ரையர் திருத்துகிறேன்.
இரவில் அதையே எழுதுகிறேன், தமிழில்,
நிலவறை வாடகைக்காரருக்கு விளங்கும்படி:
கிறீச்சென்றால் உருளை. தட்தட்டென்றால் பெல்ட்.
கருகல் மணம் வந்தால் முதலில் பிளக்கைக் கழற்று,
பிறகு கடைக்காரனைத் திட்டு.

நீயும் எழுதப்போகிறாய் என்றாய், நிர்மலதாஸ்,
குழாய் வேலை பற்றி. நல்லது.
உரிமத் தேர்வில் ஒன்றாகத் தோற்றவர்கள் நாம்,
புத்திமதி சொல்ல எனக்கு வெட்கம்.
எந்தச் செருகி நல்லது என்று கேட்டாய், அதனால் இது.

குறைவாகப் போடு.
ஒரு சுவர்ப் பிளக்கில் ஆறு வயர் செருகின வீட்டை
நீயும் நானும் பார்த்தோம், பார்ட்டன் வீதியில்.
சுவர் கறுத்திருந்தது.

படங்களைச் சுருக்க ஒன்று, கட்டாயம்.
சனம் பஸ்ஸில் இருந்து வாசிக்கிறது,
மாதக்கடைசி, டேட்டா முடிகிற நேரம்.
உன் செம்புக் குழாயின் மினுக்கம் அவர்களுக்கு எதற்கு,
மரை எந்தப் பக்கம் சுற்றும் என்று தெரிந்தால் போதும்.

செத்த இணைப்புகளைத் தேடித் தர ஒன்று.
திங்கள் காலை பட்டியல் வரும்:
கம்பெனி கையேட்டைத் தூக்கிவிட்டது,
உதிரிப்பாகக் கடை பெயர் மாறிவிட்டது,
இன்னொன்று இல்லவே இல்லை.
தேநீர் ஆறமுன் நாலைத் திருத்தலாம்.

பேக்கப் மூன்று. ஒன்றாவது வீட்டுக்கு வெளியே.
நிலவறையில் தண்ணீர் ஏறும் கதையை
உனக்கா நான் சொல்வது?

ஞாயிறு இரவு புதுப்பிப்பை அழுத்தாதே.
நான் அழுத்தினேன், மார்கழி நடுவில்.
எல்லாம் வெள்ளை. எழுத்தில்லை, படமில்லை,
ஏழு வருடம் வெறும் வெள்ளை.
வியர்த்தது. பிறகுதான் உறைத்தது,
இது பிரேக்கர் பெட்டி அல்லவா.
அத்தனையும் அணைத்தேன், ஒவ்வொன்றாய்ப் போட்டேன்.
பதினோராவதில் பிடிபட்டது:
திரையில் பனி கொட்டுகிற செருகி.
மகள் ஆசைப்பட்டாள் என்று போட்டது.
விடியப்புறம் இரண்டரை. யன்னலுக்கு வெளியே
பனி சும்மா கொட்டிக்கொண்டிருந்தது,
என்னை ஒன்றும் கேட்காமல்.

குப்பைக் கடிதம் பிடிக்க ஒன்று.
இதைச் சொல்லத்தான் இவ்வளவும்.
பிடிக்கும், நன்றாகவே பிடிக்கும்:
சப்பாத்து, கடன், லொத்தர், முடி வளர எண்ணெய்.
பிடித்ததைத் திறந்து பார் என்று
எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.
ட்ரையருக்கு நான் ஊரெல்லாம் சொல்கிறேன்,
ஒவ்வொரு முறையும் வடிகட்டியை இழு, பஞ்சை உரி,
சிலவேளை பொத்தான் இருக்கும், சிலவேளை காசு.

பங்குனியில் இழுத்தேன்.
நாலாயிரத்துச் சொச்சம். நடுவில், தமிழில்,
தை ஆறாம் திகதி, சட்பரியிலிருந்து, தர்ஷாயினி:
"அண்ணா, ட்ரையர் சுத்துது, சூடில்லை.
ஆளைக் கூப்பிட்டா நூற்றிருபது கேக்கினம்.
கைக்குழந்தை. வெளியில மைனஸ் முப்பது.
இலவசமாக் கேக்கிறதுக்கு மன்னிக்கவும்."

இலவசம்.
அந்தச் சொல்லில்தான் அகப்பட்டிருக்கிறாள்.

எழுதினேன்: பிளக்கைக் கழற்றுங்கோ, பின் தகட்டை எடுங்கோ,
வெள்ளையாய்ச் சின்ன வெப்ப ஃபியூஸ், ஒன்பது டொலர்.
அநேகமாகப் பஞ்சு அடைத்து எரிந்திருக்கும்,
புகைக்குழாயையும் பாருங்கோ.
ஒன்பது கிழமை பிந்தினதற்கு
மூன்று வரி எழுதி, மூன்றையும் அழித்து, அனுப்பினேன்.

மறுநாள் பதில். "பரவாயில்லை அண்ணா,
குளியலறையில கயிறு கட்டிப்போட்டம். பழகிட்டுது."
கூடவே ஒரு படம்:
ஷவர்க் கம்பியிலிருந்து கதவுக் கொளுக்கி வரை கயிறு,
பெருவிரல் அளவு காலுறைகள்,
எண்ணினேன், பதினேழு. ஒன்றுக்குச் சோடி இல்லை.

நாலு மெகாபைட் அந்தப் படம்.
சுருக்கவில்லை.